பெலெட்டு வீட்டு மசின்கோ

கஸாஞ்சிஸ் பேட்டையில் அந்தச் சந்து பாதிதான் மிச்சம் இருந்தது. மறுபாதியை இடித்துத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். இந்தப் பக்கமும் இன்னும் பத்து நாளோ பதினைந்து நாளோ என்று பேச்சு. கஷாவும் அவன் மனைவி அல்கானெஷும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாக்கடை பொங்கி வழியெல்லாம் கறுப்பாக நின்றது. அதில் மிதந்து வந்த எலியைத் தாண்டித்தான் பெலெட்டு வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டியிருந்தது.

ஆறு வருடமாக அவர்கள் பாடிய பாட்டு வீடு இப்போது தகரத்துக்குப் பின்னால் செங்கல் குவியலாகக் கிடந்தது. சந்தில் மிச்சமிருந்த ஒரே பாட்டு வீடு பெலெட்டுவுடையது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் மாற்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட, அந்த அம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அல்கானெஷின் குரல்தான் அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. கோண்டாரிலிருந்து இந்தத் தலைநகரத்துக்கு வந்த நாளில் அவனிடம் வில்லால் வாசிக்கிற ஒரு மசின்கோ, அவளிடம் ஒரு தொண்டை, அவ்வளவுதான். வீட்டில் அவனைத் திட்டுவதைக்கூடத் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு மெல்லத்தான் திட்டுவாள். அந்தக் குரல் போனால் இந்த ஊரில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"வாங்க, வாங்க. இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கீங்களே. முதல்ல உள்ள வந்து உக்காருங்க" என்றாள் பெலெட்டு. பருத்த உடம்பு. வெள்ளைத் துணியைத் தலையில் இறுகக் கட்டியிருந்தாள். கை மட்டும் எப்போதும் பளபளவென்று இருக்கும், இப்போதுதான் எதையோ பிசைந்துவிட்டு வந்த மாதிரி.

கஷாவ் உறையைப் பிரித்தான். பஸ் நெரிசலிலும் மழையிலும் மசின்கோவின் தந்தி அறுந்து தொங்கியது. மசின்கோவுக்கு இருப்பதே ஒரு தந்தி, குதிரை வால்முடியைச் சேர்த்துக் கட்டியது. மாற்று முடியை வாடகை அறையில் எலி தின்றிருந்தது.

"அதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப்போடறே? சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்கு பாரு. எடுத்து வாசி. நல்ல முடி அது. வீணாக்க மனசு வரலைன்னு அப்படியே வச்சிருக்கேன்."

தான் கட்டாத தந்தியை வாசிக்கக் கூடாது என்பது மசின்கோக்காரர்கள் வழக்கம். முடியை மோந்து பார்த்தே ஆண் குதிரையா பெண் குதிரையா என்று சொல்லிவிடுவார்கள். பெண் குதிரை தன் வாலைத் தானே நனைத்துக்கொள்ளும். அந்த முடி சீக்கிரம் இற்றுப்போகும். ஒவ்வொரு முடியாகத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்து மாதிரி. சுவரில் இருந்ததில் மூன்று சுற்றுச் சுற்றி இடப்பக்கமாக இழுத்த முடிச்சு. இடக்கைக்காரன் போட்டது என்று கஷாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மோந்து பார்த்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள், பெலெட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள், அவன் அவசரப்பட்டான். பிரிந்து நின்ற இழைகள் ஒன்றுசேர, வழக்கம்போலத் தந்தியை உதட்டுக்கிடையில் வைத்து, எச்சில் தொட்டு மேலிருந்து கீழாக இழுத்தான்.

நாக்கில் வெண்ணெய் பட்டது.

நல்ல வெண்ணெய் அல்ல. வெயிலில் கிடந்து காறிப்போய், தலைச் சூட்டில் உருகி, வியர்வையோடு கலந்த வெண்ணெய். வெள்ளிக்கிழமை விரத நாள். அந்த வீட்டில் அன்று காலையிலிருந்து ஒரு சொட்டு வெண்ணெய் உருக்கியிருக்க மாட்டார்கள். கஷாவ் தோள் துணியில் துப்பினான். யாரோ விவரம் தெரியாதவன் தந்தி கெடக் கூடாது என்று பூசி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் துடைத்து, சாம்பிராணிக் கட்டியைத் தேய்த்து, தந்தியில் வில்லை வைத்தான்.

சத்தம் வந்தது பாருங்கள், அது குதிரை முடியின் சத்தம் இல்லை. மசின்கோ கனைக்கும், கரகரக்கும். இது முனகியது.

"அடடா, இந்தத் தந்திக்கு மறுபடி உசுரு வந்துடுச்சே" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்தவர். முதல் ஆளாக வந்து இடம் பிடிக்கிறவர் அவர். மெர்ஷா என்று பேர். அறுபது வயது, சாம்பல் நிறக் கோட்டு, சிரித்த முகம். "முன்னாடி இங்க நான்தான் வாசிச்சேன் தம்பி. விரலு விறைச்சுப்போச்சு. இப்ப கேக்கறதோட சரி." எழுந்து வந்து ஒரு நோட்டை எச்சில் தொட்டுக் கஷாவின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனார். அன்பான மனிதர்.

பாட்டு சூடு பிடித்தது. தேனைப் புளிக்கவைத்த கள் கண்ணாடிக் குடுவைகளில் மஞ்சளாக வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக "வாங்கிக்கோ" என்று குரல் கொடுத்து வரி சொன்னார்கள். நண்பனைக் கிண்டல் செய்து ஒரு வரி, சம்பந்தியைக் குத்தி ஒரு வரி. கொடுத்ததை அல்கானெஷ் அப்படியே வாங்கிப் பாட வேண்டும். இதுதான் அந்தத் தொழில். கொடுத்த வரியை மறுக்கக் கூடாது, பாதியில் விடக் கூடாது; தன்னையே ஏசிக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே முழுசாகப் பாடிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சுற்றில் அவள் யாரும் கொடுக்காத ஒரு வரியைப் பாடினாள்.

"முடியைக் கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே,
மூச்சை எதுக்கு அக்கா எடுத்துக்கிட்டே?"

கூடம் கைதட்டியது. யாரோ காதலனைப் பறித்துக்கொண்டவளுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். கஷாவ் திரும்பிப் பார்த்தான். அவள் காதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வரி கொடுக்கிறவரைப் பார்க்கிற பார்வையில் காலி மூலை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் காறல் வாடை எழுந்தது.

பெலெட்டு விறுவிறுவென்று தட்டோடு வந்தாள். இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, கடலைமாவுக் குழம்பில் புரட்டி, பந்தாக உருட்டினாள். "பாடிப் பாடிக் களைச்சுட்டே பொண்ணே. வாயைத் திற." கை நீட்டி ஊட்டும் குர்ஷாவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அல்கானெஷ் வாயைத் திறந்தாள். பெலெட்டுவின் விரல்கள் முட்டிவரை உள்ளே போய் வந்தன.

இரண்டு தடவை மென்றவள் நிறுத்தினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ பிடித்து இழுத்தாள்.

முடி.

இழுக்க இழுக்க வந்தது. ஒரு சாண், ஒரு முழம். குழம்பும் எச்சிலும் வெண்ணெயுமாக ஒட்டிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. நுனி வெளியே வந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"என் முடிதான் விழுந்திருக்கும். மன்னிச்சுக்கோம்மா" என்றாள் பெலெட்டு.

தலைத்துணி விலகிய இடத்தில் அவள் முடி தெரிந்தது. விரல் நீளம்கூட இல்லை. முழுக்க நரை.

அறைக்குத் திரும்பியதும் அல்கானெஷ் சாராயம் ஊற்றி வாய் கொப்பளித்தாள். மூன்று தடவை.

"மூலையில ஒரு பொம்பளை வரி கொடுத்தா. உனக்குக் கேக்கல?"

"அங்க பொம்பளையே இல்லடி."

"இருந்தா. மொட்டைத்தலை. தாறுமாறா வெட்டி விட்ட மாதிரி." அவள் சாராயப் புட்டியை மூடி வைத்தாள். "ஆனா ஒண்ணு. நான் இவ்வளவு நல்லா எப்பவாச்சும் பாடியிருக்கேனா?"

இல்லை என்று அவனும் அறிவான்.

மறுநாள் சனிக்கிழமை. கஷாவ் வெளிச்சம் இருக்கும்போதே போய் மசின்கோவை வாசலுக்குக் கொண்டுவந்தான். ஈ மொய்த்தது. சாம்பல் போட்டுத் துடைத்த தந்தி மறுபடியும் நெய் வடிந்து, பெட்டியின் ஆட்டுத்தோலில் மஞ்சள் கறை இறங்கியிருந்தது. துணியால் உருவினான். மறுபடி ஊறியது. தந்தி நல்ல மாட்டுக் கன்றின் மூக்கு மாதிரி ஈரமாகவே இருந்தது.

ஒரு இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தான். குதிரை முடி தடித்து நேராக நிற்கும். இது மெல்லியது. அலை அலையாக நெளிந்திருந்தது. இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்தால் முடி இப்படித்தான் நெளிந்து நிற்கும். அல்கானெஷின் சடையை அவன் எத்தனை முறை அவிழ்த்திருக்கிறான்.

நேற்று அதை வாயில் வைத்து உருவியவன் அவன்.

சாக்கடையோரம் போய் நின்று வாந்தி எடுத்தான். எடுத்து முடித்த பிறகும் நாக்கின் அடியில் அந்தக் காறல் போகவில்லை.

மெர்ஷா அப்போதுதான் குடையோடு வந்தார். முதுகைத் தடவிக் கொடுத்தார். "என்ன தம்பி, வயிறு சரியில்லையா? இந்த மழைக்குத் தண்ணியெல்லாம் கெட்டுக்கிடக்கு."

"அண்ணே, எங்களுக்கு முன்னாடி இங்க யாரு பாடினா?"

"ஷிதாயேன்னு ஒருத்தி. நீங்க இந்தச் சந்துக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு வருசம் என்கூடப் பாடினா. அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் நிலைக்கலை. இடுப்புக்குக் கீழ முடி. சனிக்கிழமை சனிக்கிழமை உக்காந்து முடிக்கு வெண்ணெய் பூசிக்குவா." அவர் குடையை உதறினார். "வேற பாட்டு வீட்டுல கூப்பிட்டாங்கன்னு கிளம்பறதா இருந்தா. அப்புறம் திடீர்னு பெய்ரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ட்டதா பெலெட்டு சொன்னா. சொல்லாமக் கொள்ளாமப் போற பொண்ணுங்க எத்தனை பேரு. விடு."

கஷாவ் மனைவியைத் தனியே இழுத்து, போய்விடலாம் என்றான். தந்தியைக் காட்டினான். அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டாள், தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆனாலும் போக மறுத்தாள்.

"அவ இன்னும் கொடுத்து முடிக்கலை. முடிக்கிற வரைக்கும் வாங்கணும்ல? நம்ம தொழில் அதானே?"

"செத்தவகிட்ட வாங்கறதா நம்ம தொழில்?"

"உயிரோட இருக்கறவன் கொடுக்கற அசிங்கத்தையெல்லாம் வாங்கறேனே. இவ என்ன பாவம் பண்ணா?"

அவன் மசின்கோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்று மாலை அவள் பாடினாள்:

"பெய்ரூத்துக்குப் போனதா சொன்னாங்க,
போற வழி அடுப்படியோட நின்னுபோச்சு."

இந்த முறை கைதட்டல் குறைவு. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் பெலெட்டுவைப் பார்த்தார்கள். பெலெட்டு தட்டு நிறையப் பச்சைக் கறியைக் கொத்தி, வெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டு வந்தாள். இரவு முழுக்க ஊட்டினாள். ஒரு வாய் முடிவதற்குள் அடுத்த வாய். வெதுவெதுப்பான அந்தச் சிவப்புக் கறி அல்கானெஷின் கடைவாயில் வழிந்தது. ஒவ்வொரு கவளத்திலிருந்தும் அவள் முடி எடுத்தாள். எடுத்து மடியில் போட்டாள். வீட்டுக்குப் போகும்போது மடியில் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. சீ, அதை அவள் தூக்கிப் போடக்கூட இல்லை, மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அந்தச் சந்தில் மிச்சம் இருப்பதை இடிப்பதற்குள் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். அடைத்த கூடத்தில் நனைந்த கம்பளி, கள், வியர்வை எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாடை. இப்போது எல்லாருக்கும் அடித்தது. பெண்கள் முக்காட்டை மூக்கில் அழுத்திக்கொண்டார்கள்.

கஷாவ் வில்லை வைத்தான். தந்தி வழுக்கியது. அவன் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை நெய் இறங்கியது. சட்டைக் கைக்குள் போனது. வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு தலையின் சூடு.

அல்கானெஷ் யாருக்கும் காத்திருக்கவில்லை. மூலைப் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது.

"வாயைப் பொத்தின கை வெண்ணெய்க் கை,
அது யார் கைன்னு இந்த ஊரு அறியும்..."

கைதட்டல் இல்லை. பெலெட்டு தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, கையில் இருந்ததை அல்கானெஷின் வாயில் திணிக்கப் பார்த்தாள். அல்கானெஷ் தலையைத் திருப்பிக்கொண்டு பாடினாள். அவள் குரல் கிழிந்தது. உதட்டோரத்தில் முடி ஒன்று கறுப்பாக எட்டிப் பார்த்தது, பின் இன்னொன்று. வார்த்தைக்கு வார்த்தை இருமினாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"தம்பி, நிறுத்துப்பா." மெர்ஷா பக்கத்தில் வந்து குனிந்திருந்தார். "பொண்ணு செத்துடுவா. தந்தியை அறுத்துடு. இந்தா." கையில் மடக்குக் கத்தியைத் திணித்தார்.

"காலைப் பிடிச்சவன் கையையும் அறியும்,
அவன் பேரு..."

அல்கானெஷின் கண் கஷாவின் மேல் இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதை அவன் பார்த்தான். பிற்பாடு எத்தனை தடவை நினைத்தாலும், பார்க்கவில்லை என்று அவனால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. ஆனால் விரலிடுக்கில் அந்த வெதுவெதுப்பு நெளிந்தது, நாக்கில் அந்தக் காறல் ஊறியது. மனைவிக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைவிட அருவருப்புத்தான் முந்திக்கொண்டது.

அறுத்தான்.

தந்தி பட்டென்று போகவில்லை. கறி அறுபடுகிற மாதிரி மெல்லப் போனது.

அல்கானெஷ் வாயைத் திறந்தபடியே நின்றாள். சத்தம் வரவில்லை. மூலையில் ஏதோ சுவரில் சரிந்து உட்காரும் ஓசை கேட்டது, அவ்வளவுதான்.

பெலெட்டு மூச்சு வாங்கினாள். பிறகு கஷாவின் பக்கம் திரும்பி, கையில் இருந்த கவளத்தை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "நல்ல பிள்ளைப்பா நீ. வாயைத் திற."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. கை நீட்டிக் கொடுத்ததை எப்படி மறுப்பது?

விழுங்கினான்.

அடுத்த வாரமே இயந்திரம் வந்து அந்தச் சந்து முழுவதையும் வழித்துக்கொண்டு போனது. பெலெட்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அடுப்படி இருந்த இடத்தில் இருபதடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். எதையும் கண்டெடுத்ததாகக் கேள்வி இல்லை. மண்ணை எங்கே கொட்டினார்கள் என்றும் தெரியாது.

அல்கானெஷுக்குக் குரல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் விளக்கு அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். மூச்சுக் காற்றில் ஒரே ஒரு தடவைதான் அவள் அவனிடம் பேசினாள். "பாதி வரி இங்க நிக்குது" என்று தொண்டைக் குழியைத் தொட்டுக் காட்டினாள். "நீ வாங்க விடலை." அதன் பிறகு அதுவும் இல்லை. இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வாய்க்குள் விரலை விட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பாள். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்.

கை கொடுத்தது மெர்ஷாதான். போலே பக்கம் புதிதாகத் திறந்த பாட்டு வீட்டில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். கஷாவே வாசித்து, கஷாவே பாடினான். அல்கானெஷ் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவாள். மெர்ஷா வாரா வாரம் வருவார், நோட்டை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டுவார். "பொண்ணு எப்படி இருக்கா? ஏதாவது பேசினாளா?" என்று தவறாமல் கேட்பார். அந்த மடக்குக் கத்தியையும் அவன் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "நீயே வச்சுக்கோ" என்றுவிட்டார். நல்ல கத்தி. கறிக்கடையில் பச்சைக் கறித் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, உதட்டருகே வெட்டித் தின்ன அதைத்தான் கஷாவ் வைத்துக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்து மஸ்கல் பண்டிகை வந்தது. வீதியெல்லாம் மஞ்சள் பூ. பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம், கூட்டம் வருவதற்கு முன்னால், மெர்ஷா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"கோண்டார்லேர்ந்து ஒரு ஆளு வந்தான். ஆண் குதிரை வால். கலப்படமே இல்ல. உனக்குன்னு நானே பிரிச்சுக் கட்டிக் கொண்டாந்தேன்."

"எதுக்குண்ணே சிரமம்?"

"என்ன சிரமம். கை கால் கழுவிட்டு வந்துடறேன், தந்தியைக் கட்டி வை. புதுச் சத்தத்தை முதல்ல நான்தான் கேக்கணும்."

கஷாவ் காகிதத்தைப் பிரித்தான். கறுப்பு வால்முடி, தடித்து, நேராக, உலர்ந்து. மோந்து பார்த்தான், சுத்தமாக இருந்தது. மேல் நுனியில் முடிச்சு.

மூன்று சுற்று. இடப்பக்கமாக இழுத்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எச்சில் தொட்டு நெற்றியில் நோட்டு ஒட்டும் அந்தக் கை எது என்று நினைத்துப் பார்த்தான். இடது கை. எப்போதும் இடது கை. முன்னாடி இங்க நான்தான் வாசிச்சேன் தம்பி.

கத்தியை எடுத்து விரித்தான். இரண்டு மாதமாக நூறு தடவை கழுவிய கத்தி. மடக்கும் இடுக்கில் கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தான். வந்தது. நெளிந்த முடி, ஒரு சாண், இரண்டு சாண், நெய்யில் ஊறி, காறி, மஞ்சள் படிந்து. அந்த இடுக்கிலிருந்து அவ்வளவு நீளம் வர நியாயமே இல்லை. இந்தக் கத்தியால் வெட்டித்தான் நேற்று மத்தியானம்கூடச் சாப்பிட்டான். உதட்டில் வைத்து.

வாந்தி தொண்டைவரை வந்தது. இந்த முறை அவன் எழுந்து ஓடவில்லை. விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் இருந்த அல்கானெஷ் அந்த முடியைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து அவன் முன்னால் பிரித்து வைத்தாள். பெலெட்டு வீட்டில் கவளம் கவளமாக அவள் வாயிலிருந்து எடுத்துச் சேர்த்த முடி. இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள்.

கஷாவ் மெர்ஷா கொண்டுவந்த வால்முடியை ஒதுக்கி வைத்தான். துணியிலிருந்த முடியை எடுத்தான். கத்தி இடுக்கில் வந்ததையும் அதோடு சேர்த்தான். தன் கையாலேயே, தன் முடிச்சைப் போட்டுக் கட்டினான். இழைகள் பிரிந்து நின்றன. குமட்டலை அடக்கிக்கொண்டு, தந்தியை உதட்டுக்கிடையில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுத்தான். வெண்ணெய் வாய் முழுக்க இறங்கியது. துப்பவில்லை.

மெர்ஷா கையைத் துடைத்துக்கொண்டே வந்து மூலையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். "கட்டிட்டியா? எங்க, வாசி பாப்போம்." பிறகு மூக்கைச் சுருக்கினார். "என்னப்பா இது வாடை?"

கஷாவ் வில்லை வைத்தான்.

தந்தி முனகியது.

மெர்ஷாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது; வேறு யாரும் இல்லை. அந்தச் சுவரிலிருந்து, அவர் தோளுக்கு மேலாக, ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது. இம்முறை கஷாவுக்கும் கேட்டது.

"வாங்கிக்கோ."

அல்கானெஷ் வாயைத் திறந்தாள். இரண்டு மாதம் கழித்து அந்தக் குரல் வந்தது, கிழிசல் ஒன்றும் இல்லாமல்.

"அவன் பேரு..."

"நிறுத்து தம்பி" என்று மெர்ஷா எழுந்தார். "நிறுத்துன்னு சொல்றே..." சொல்லை முடிக்க முடியவில்லை. இருமினார். இடது கையின் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ பிடித்தார். இழுத்தார்.

ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. சாம்பல் கோட்டின் மேல் நெய் சொட்டியது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார், அது வந்துகொண்டே இருந்தது.

கஷாவ் வில்லை நிறுத்தவில்லை.